அன்று உட்காரச் சொன்ன கேள்வி



இன்று ஜூலை 30. திண்டிவனத்தில் எட்டாம் வகுப்பு எடுத்த காலம் நினைவுக்கு வருகிறது. "இங்கிலீஷ்காரனை விடப் பிரெஞ்சுக்காரன் ஆட்சி எவ்வளவோ மேல்" என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சு மாணவன் எழுந்தான்.

"சார், எங்க தாத்தா பாண்டி மில்லுல வேலை பார்த்தவரு. அங்க சுட்டுக் கொன்னாங்களாமே?"

"பாடத்துல இல்லாததைக் கேட்காதே, உட்காரு" என்றேன். உண்மையில் எனக்கே தெரியாது.

ஓய்வு பெற்று விழுப்புரம் வந்த பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். 1936 ஜூலை 30 அன்று, புதுச்சேரி சவானா ஆலையில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் மீது பிரெஞ்சு அரசு நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்கள் இறந்தார்கள்.

பிரெஞ்சு எழுத்தாளர் பியேர் லோத்தி, 1903-இல் வெளியான தன் இந்தியப் பயண நூலில் புதுச்சேரியைப் பழைய பிரான்சின் நினைவாகவே பார்த்து உருகுகிறார். நானும் அந்தக் கண்ணோடுதான் பாடம் நடத்தியிருக்கிறேன். ஆனால் அதே நாட்டுப் பத்திரிகையாளர் ஆந்த்ரே வியோலிஸ் அம்மையார், 1931-இல் காலனி அமைச்சரின் பயணத்தோடு வியட்நாம் போனவர், அமைச்சரைப் புகழ்வதோடு நிற்கவில்லை. சிறை, சித்திரவதை, பசி என்று கண்டதையெல்லாம் 1935-இல் புத்தகமாகப் போட்டார். சொந்த நாட்டு ஆட்சியைப் பற்றி அப்படி எழுதத் துணிச்சல் வேண்டும்.

எனக்கு "தெரியாது" என்று சொல்லும் துணிச்சல்கூட அன்று இல்லை.

தம்பி, எங்கிருந்தாலும் இதைப் படி. உன் தாத்தா சொன்னது உண்மை. உட்காரச் சொன்னதற்கு மன்னித்துக்கொள். அவர் சொன்ன மற்றதையும் கீழே எழுது. இந்த முறை நான் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் சார்