வாடகை நோட்டும் ஒரு பழைய குட்டி யானையும்

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டிலிருந்து 18 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது அந்தத் தோட்டம். இரண்டரை ஏக்கர். ஒன்றரை ஏக்கரில் தக்காளி, அரை ஏக்கரில் செடிமுருங்கை, மீதியில் இரண்டு மாடுகளுக்கான தீவனம். போன ஆவணியில் ஒரு நாள், பறித்து அடுக்கிய 42 பெட்டி தக்காளி வரப்போரம் நின்றது. மதியம் இரண்டு மணிக்கு வருகிறேன் என்ற வாடகை வண்டி ஆறு மணிக்கு வந்தது. மார்க்கெட் போய்ச் சேர்ந்தபோது ஏலம் முடிந்து, கேரளா போகும் லாரிகள் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தன. மறுநாள் காலை மழை. முந்தின நாள் விலையில் பாதிதான் கிடைத்தது.

அன்று இரவே அந்த வீட்டுக்காரர் சொந்த வண்டி வாங்குவது என்று முடிவு செய்துவிட்டார். அவருக்கு வயது 41. அதுவரை அந்த வீட்டில் இருந்த வாகனம் ஒரு பைக் மட்டும்தான். மனசுக்குள் இருந்தது பொலிரோ பிக்கப். ஊருக்குள் அது வந்து நின்றால் தனி மரியாதை என்று மச்சினன் வேறு தூபம் போட்டான். "மாமா, வாங்குறதுதான் வாங்குறீங்க, பெருசா வாங்கிப்போடுங்க. வாடகைக்கும் ஓட்டலாம்."

வீட்டுக்கார அம்மா ஒன்றும் சொல்லாமல் அலமாரியிலிருந்து ஒரு நோட்டை எடுத்து வந்தார். பால் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கங்களில் வண்டி வாடகை முழுவதும் குறித்து வைத்திருந்தார். பெட்டிக்கு 25 ரூபாய் வீதம், முருங்கை மூட்டை தனி. ஒரு வருடத்துக்கு 70 நடை, மொத்த வாடகை 71,000 ரூபாய்.

"பார்த்தியா, எழுவதாயிரம் சும்மா போகுது" என்றார் வீட்டுக்காரர். அந்த அம்மா நோட்டைத் திருப்பி எதிர்ப்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். போகவர 36 கிலோமீட்டர், சின்ன வண்டிக்கு ஒரு நடைக்கு டீசல் சுமார் 220 ரூபாய், 70 நடைக்கு 15,400. இன்ஷூரன்ஸ் விசாரித்தபோதுதான் இருவருக்கும் தூக்கிவாரிப்போட்டது. பைக் இன்ஷூரன்ஸ் கட்டிப் பழகியவர்களுக்குச் சரக்கு வண்டியின் மூன்றாம் நபர் பிரீமியம் பெரிய தொகை. ஏழரை டன்னுக்கு உட்பட்ட சரக்கு வண்டிகளுக்கு 16,049 ரூபாய், வரி தனி. குட்டி யானைக்கும் அதுதான், பொலிரோவுக்கும் அதுதான். ஆக 18,000 என்று போட்டார். எட்டு வருடம் தாண்டிய வண்டி என்றால் வருடா வருடம் எஃப்.சி. காட்ட வேண்டும். அதற்கு வண்டியைத் தயார் செய்யும் செலவோடு 10,000. டயர், ரிப்பேர் என்று ஒதுக்க 12,000. நகையை வைத்து வாங்கப்போகும் ஒன்றரை லட்சத்துக்கு வருட வட்டி 9 சதவிகிதத்தில் 13,500. எல்லாம் கூட்டினால் 68,900.

மிச்சம் 2,100 ரூபாய். அவ்வளவுதான்.

பழைய வண்டி வாங்க நினைக்கும் பலர் இந்தக் கணக்கைப் போடுவதே இல்லை. வாடகை மிச்சம் என்ற ஒரே வார்த்தையில் நகை அடகுக்குப் போய்விடுகிறது. அந்த வீட்டில் அன்று ஒரு மணி நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அந்த அம்மாதான் நோட்டில் இன்னொரு பக்கத்தைக் காட்டினார். வண்டி தாமதமாக வந்தோ, வராமலோ விலை போன நாட்கள் அதில் இருந்தன. ஒரே வருடத்தில் நான்கு. அந்த நான்கு நாட்களின் நஷ்டம் மட்டும் 19,000 சொச்சம். பழனி உழவர் சந்தைக்கு நேராகக் கொண்டுபோய் விற்கலாம் என்று பல நாள் நினைத்தும், காலை நேரத்தில் வண்டி கிடைக்காமல் விட்டதும் உண்டு. பக்கத்துத் தோட்டத்துப் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டால் டீசல் செலவு அதிலேயே வந்துவிடும். "வாடகை மிச்சம்னு வாங்கினா நட்டம்தாங்க. நம்ம நேரத்துக்கு ஏலத்துல நிக்கணும்னு வாங்கினா வாங்கலாம்" என்றார்.

பொலிரோ பேச்சு அத்தோடு நின்றது. பெட்டிக்கு 14 கிலோ வீதம் 45 பெட்டி ஏற்றினாலும் 630 கிலோதான். முக்கால் டன் தாங்கும் டாடா ஏஸ் போதும். 2005-ல் வந்த வண்டி என்பதால் ஊருக்கு ஊர் அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த மெக்கானிக் இருக்கிறார். உதிரி பாகமும் கிடைக்கும். மொத்த எடை மூன்று டன்னுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு பர்மிட் தேவையில்லை என்பதும் ஒரு சௌகரியம். கையில் 30,000 இருந்தது. அதைத் தொடக்கூடாது, வாங்கின பிறகு வரும் முதல் செலவுக்கு அது என்றும், வண்டி விலை ஒன்றரை லட்சத்தைத் தாண்டக்கூடாது என்றும் முடிவானது.

முதலில் திண்டுக்கல் பக்கம், தவணை கட்டாததால் சீஸ் செய்த வண்டிகள் நிற்கும் யார்டு ஒன்றுக்குப் போனார்கள். விலை குறைவுதான். ஆனால், ஸ்டார்ட் செய்து காட்டுவார்களே தவிர, ரோட்டில் ஓட்டிப்பார்க்க விடவில்லை. பாதி வண்டிகளுக்கு எஃப்.சி.யும் இன்ஷூரன்ஸும் முடிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. திரும்பி வந்துவிட்டார்கள்.

அடுத்தது புரோக்கர் மூலம் வந்த வண்டி. வெள்ளை நிறம், புது பெயின்ட், உள்ளே புது சீட் கவர், டேஷ்போர்டில் பிள்ளையார். மீட்டரில் 58,000 கிலோமீட்டர். விலை 1,35,000. "அண்ணே, நாளைக்கு ரெண்டு பார்ட்டி வர்றாங்க, நீங்க நம்மாளு, அதான் உங்களுக்கு முதல்ல காட்டுறேன்" என்றார் புரோக்கர். மச்சினன் தலையாட்டினான். வீட்டுக்காரர் அங்கேயே 10,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். ரசீது இல்லை. வீட்டுக்கு வந்து சொன்னபோது அந்த அம்மா கேட்ட ஒரே கேள்வி, "மெக்கானிக் பார்த்தாரா?"

பார்க்கவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு, பக்கத்து ஊரில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக்கை ஐந்நூறு ரூபாய் பேசி அழைத்துப் போனார்கள். அறுபதை நெருங்கும் மனிதர். போனதும் சாவி கேட்கவில்லை. சீட்டைத் தூக்கி என்ஜின் மேல் கை வைத்தார். சூடாக இருந்தது. "நாம வர்றதுக்கு முந்தியே ஒருவாட்டி அடிச்சு வெச்சிருக்காங்க. பச்சைத் தண்ணியா இருக்கிற என்ஜின் எப்படிக் கிளம்புதுன்னு பார்க்கத்தான் காலையில வர்றது" என்றார்.

ஸ்டார்ட் செய்து ஆக்சிலேட்டரைக் கொடுக்கச் சொல்லிவிட்டு சைலன்சர் பக்கம் போய் நின்றார். முதலில் கொஞ்சம் கறுப்புப் புகை. அது ஏர் ஃபில்டர் அடைப்பாகவோ, டீசல் அதிகம் போவதாகவோ இருக்கலாம், பயப்பட வேண்டியதில்லை என்றார். ஆனால் கூடவே நீலம் கலந்து வந்தது. நீலப்புகை என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றினார். குப்குப்பென்று உள்ளிருந்து புகை அடித்தது. ரிங் தேய்ந்த என்ஜின். பிரேக், கிளட்ச் பெடல்களின் ரப்பர் வழவழவென்று இருந்ததைக் காட்டி, "அம்பத்தெட்டாயிரம் ஓடின வண்டிக்கு இப்படித் தேயாது தம்பி. மீட்டர் பொய் சொல்லும், மிதிகட்டை சொல்லாது" என்றார்.

அப்போதும்கூட வீட்டுக்காரருக்கு மனசு வரவில்லை. என்ஜின் வேலை பார்த்துக்கொள்ளலாமே என்று கேட்டார். மெக்கானிக் பதில் சொல்லாமல் ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தார். சின்னச் சுத்தியலால் சேஸிஸைத் தட்டிக்கொண்டே போனார். கணீர் கணீரென்று வந்த சத்தம், பின் சக்கரத்துக்கு மேலே வந்ததும் சொத்தென்று மாறியது. ஸ்க்ரூ டிரைவரால் குத்தினார். புதிதாக அடித்திருந்த கறுப்புப் பெயின்டோடு சேர்ந்து துரு, செதில் செதிலாக உதிர்ந்தது. உள்ளே ஓட்டை.

ஆர்.சி. புத்தகத்தில் பதிவு எண் டி.என். 69. தூத்துக்குடி. மீன் ஏற்றினதா, உப்பு ஏற்றினதா என்று புரோக்கருக்கே தெரியவில்லை. ஐஸ் தண்ணீரும் உப்பும் சொட்டிச் சொட்டி, மரப்பலகைக்கும் தகரத்துக்கும் கீழே சேஸிஸைத் தின்றிருந்தது. தூத்துக்குடி வண்டி எல்லாமே அப்படி என்று சொல்லிவிட முடியாது. தீப்பெட்டியும் வாழைக்காயும் ஏற்றிய வண்டியும் அங்கிருந்து வரும். ஆனால் கடற்கரை ஊர்ப் பதிவெண் என்றால் அடியில் படுத்துப் பார்க்காமல் பணம் கொடுக்கக்கூடாது. என்ஜினைப் பிரித்து மாட்டலாம், கியர் பாக்ஸை மாற்றலாம். உளுத்துப்போன சேஸிஸின் மேல் 40 பெட்டியை ஏற்றிக்கொண்டு மேடு பள்ளத்தில் போவது வேறு விஷயம்.

அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டபோது புரோக்கரின் 'அண்ணே' போய்விட்டது. "பேச்சு மாறுனா அட்வான்ஸ் திரும்பாது" என்றார். இரண்டு வாரம் அலைந்து, ஊர்ப் பெரியவர் ஒருவர் பேசி, 6,000 வந்தது. மீதி 4,000 போனது போனதுதான். "அக்கா, சின்ன விஷயத்தைப் பெருசாக்கிட்டீங்க" என்று மச்சினனுக்கு மட்டும் இன்னும் வருத்தம்.

மூன்றாவது வண்டியை யாரும் விளம்பரம் செய்யவில்லை. பழனி போகும் வழியில் ஒரு கிராமத்தில், பால் கேன் ஏற்றிக்கொண்டிருந்த பெரியவர் மகன் வெளியூர் போய்விட்டதால் விற்கப்போவதாக மெக்கானிக் சொன்னார். 2014 மாடல். இடது கதவில் நெளிசல், முன்பக்கம் பெயின்ட் வெளுத்து, பார்க்கவே சோகமாக இருந்தது. மீட்டரில் 1,63,000 கிலோமீட்டர். வீட்டுக்காரர் முகம் சுண்டிவிட்டது. மெக்கானிக் முகம் மலர்ந்தது.

என்ஜின் சில்லென்று இருந்தது. இரண்டாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. ஆரம்பத்தில் வந்த லேசான வெள்ளைப்புகை இரண்டு நிமிடத்தில் நின்றது. ஆயில் குச்சியில் பால் கலந்த மாதிரி நிறம் இல்லை. ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் இல்லை. அடியில் துரு இருந்தது, மேல்துரு. தட்டின இடமெல்லாம் கணீரென்றது. நான்கு டயர்களின் ஓரத்தில் இருந்த நான்கு இலக்க எண்ணையும் படித்தார். முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வாரம், அடுத்த இரண்டு வருடம். பின் டயர்கள் இரண்டும் 2017-ல் செய்தவை. பட்டன் இருந்தாலும் ரப்பர் வெடித்திருந்தது, மாற்றியாக வேண்டும். ஓட்டிப்பார்த்தபோது மேட்டில் மூன்றாவது கியரில் என்ஜின் சத்தம் ஏறியது, வண்டி ஏறவில்லை. கிளட்ச் பிளேட் போய்க்கொண்டிருந்தது. இந்த இரண்டையும் சொல்லித்தான் 1,55,000-லிருந்து 1,38,000-க்கு விலையைக் குறைத்தார்கள். பெரியவர் எதையும் மறைக்கவில்லை. "கிளட்ச் நானே சொல்லணும்னு இருந்தேன்" என்றார்.

காகித வேலையில் இந்த முறை அந்த அம்மாவே உட்கார்ந்தார். எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு எஃப்.சி., இன்ஷூரன்ஸ் தேதிகளைப் பார்த்தார். சேஸிஸில் பொறித்த எண்ணை மெக்கானிக் மண்ணெண்ணெய் துணியால் துடைத்துப் படிக்க, அவர் ஆர்.சி.யோடு ஒத்துப் பார்த்தார். ஆர்.சி.யில் பழைய ஃபைனான்ஸ் பெயர் அப்படியே இருந்தது. கடன் கட்டி முடித்து ஐந்து வருடம் ஆகியும் பெரியவர் அதை நீக்கவில்லை. அங்கேதான் மொத்தப் பணத்தையும் கொடுக்காமல் நிறுத்தினார்கள். ஃபைனான்ஸில் என்.ஓ.சி.யும் ஃபாரம் 35-ம் வாங்கி, கடன் பதிவு நீங்கும் வரை 50,000 ரூபாய் நிறுத்தி வைப்பது என்று, இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் எழுதிக்கொண்டார்கள். அதற்கு ஐந்து வாரம் ஆனது.

பெயர் மாற்றத்துக்கான ஃபாரம் 29, 30 இரண்டிலும் கையெழுத்தானது. வாங்கியவர் 30 நாளைக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். இன்ஷூரன்ஸை 14 நாளைக்குள் தன் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். 'அப்புறம் மாத்திக்கலாம்' என்று ஊரில் ஓடும் வண்டிகள் எத்தனையோ. விபத்து நடந்தால் ஆர்.சி.யில் பெயர் இருப்பவர்தான் உரிமையாளராகப் பொறுப்பேற்க வேண்டும் என்று 2018-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெரியவருக்கு இதைச் சொன்னதும் அவரே முன்னால் நின்று வேலையை முடித்துக்கொடுத்தார்.

லைசென்ஸ் விஷயத்தில் கொஞ்சம் ஆறுதல். இலகுரக வாகன லைசென்ஸ் இருந்தாலே இந்த அளவு சரக்கு வண்டியை ஓட்டலாம் என்பதை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதி செய்திருக்கிறது. ஆனால் வீட்டுக்காரரிடம் பைக் லைசென்ஸ்தான் இருந்தது. எல்.எல்.ஆர். போட்டு, ஒரு மாதம் டிரைவிங் பள்ளிக்குப் போனார். அதுவரை மச்சினன் ஓட்டினான்.

கிளட்ச்சும் இரண்டு டயரும் போட்டதில் ஒதுக்கி வைத்த 30,000-ல் பாதிக்கு மேல் கரைந்தது. தை மாதம் முதல் பறிப்பு. 40 பெட்டி ஏற்றியதும், பக்கத்துத் தோட்டத்தில் இன்னும் 25 பெட்டி இருக்கிறது, போட்டுக்கொள்ளலாம், பட்டை தாங்கும் என்றான் மச்சினன். பறிக்க வந்த நாலு பெண்களும் மேலே ஏறி உட்காரத் தயாராக இருந்தார்கள், போகிற வழியில் இறங்கிக்கொள்வதாக. அந்த அம்மா வண்டிக்குக் குறுக்கே நின்றார். "பெட்டி பத்து ஏத்திக்க. ஆளு ஒருத்தரும் வேண்டாம். சரக்கு வண்டியில ஆளை ஏத்திக் கவுந்தா இன்சூரன்ஸ்காரன் கையை விரிச்சிருவான். தோட்டத்தை வித்தாலும் கட்ட முடியாது." பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே பஸ்ஸுக்கு நடந்தார்கள். பஸ் காசை அவர்தான் கொடுத்தார். அதையும் வண்டிச் செலவில் எழுதினார்.

மூன்றரை மணிக்கு வண்டி மார்க்கெட்டுக்குள் நுழைந்தது. ஏலம் தொடங்க நேரம் இருந்தது. நெளிந்த இடது கதவு உள்ளிருந்து திறக்கவில்லை. அவர் கண்ணாடியை இறக்கி, கையை வெளியே விட்டுத் திறந்துகொண்டு இறங்கினார். கதவை நெளிவெடுக்க 3,000 கேட்கிறார்கள். வரும் ஆடியில் எஃப்.சி. இருக்கிறது, அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நோட்டில் குறித்திருக்கிறார்.