உள்ளங்கால் மச்சம்

அபிராமேஸ்வரர் கோயில். மத்தியானக் கல் கொதிக்கிறது. பிரகாரத்தில் குதிகாலைத் தூக்கித் தூக்கி ஓடுகிறார்கள். பெரியம்மா திண்ணையில் உட்கார்ந்து காலை மடக்கியபோதுதான் பார்த்தேன். இடது உள்ளங்காலில் துவரம்பருப்பு அளவு கருப்பு.

"மச்சமா?"

"முள்ளு குத்துனதுடா. எருக்கம்பால் வச்சேன்."

உள்ளங்காலில் மச்சம் இருந்தால் ஊர் சுற்றுவார்களாம். பெரியம்மா விழுப்புரம் தாண்டியதே நாலு தடவைதான்.

*

மெலனோமா என்ற தோல் புற்றுநோய், வெயிலில் வரும் வெள்ளைக்காரர் நோய் என்றே நினைத்திருந்தேன். ஆஸ்திரேலியாவுக்கு அது சரி. நமக்குத் தோலின் கருமையே ஒரு குடை. அதனால் இங்கே அபூர்வம். வந்தால் பெரும்பாலும் வெயில் எட்டாத இடத்தில்: உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி. இந்த வகைக்கு வெயில் முக்கியக் காரணமில்லை. தொப்பியும் களிம்பும் இங்கே என்ன செய்யும்?

*

பாடகர் பாப் மார்லிக்கு அது கால் கட்டைவிரல் நகத்தடியில். பந்தாட்டத்தில் பட்ட அடி என்று நினைத்தார்கள். 1977இல் தெரிந்தது, 1981 மே 11இல் போய்விட்டார். வயது 36.

நம் ஊரில் இது கால் ஆணி, சர்க்கரைப் புண், நகச்சுத்தி என்ற பெயர்களில் ஒளிந்திருக்கும். நகத்தில் ரத்தம் கட்டினால் நகம் வளர வளர முன்னே நகர்ந்துவிடும். நகராமல் அகலமாகும் கருங்கோடு, நகத்தடி தாண்டித் தோலில் கசியும் கருப்பு, ஒரு பக்கம் மட்டும் கோணலாக வளரும் மச்சம்: இவற்றைப் பிளேடால் செதுக்கக் கூடாது. சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி பக்கம்தான்; அதற்கு மேல் ஜிப்மர்.

*

கணக்கெல்லாம் மில்லிமீட்டரில். கட்டி 1 மி.மீ. ஆழத்துக்குள் என்றால் சுற்றி 1 செ.மீ. விட்டு வெட்டுகிறார்கள், 2 மி.மீ. தாண்டினால் 2 செ.மீ. உள்ளங்காலில் 2 செ.மீ. என்பது சின்ன விஷயமில்லை, நடக்கிற இடம். வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்டவேண்டி வரலாம். தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தால் பரவியிருக்கிறதோ என்று பார்ப்பார்கள்.

பரவிய பிறகு முன்பு பெரிதாக வழியில்லை. 2011 முதல் உடலின் எதிர்ப்புச் சக்தியை அவிழ்த்துவிடும் மருந்துகள் வந்தன. அவற்றின் மூலத்தைக் கண்ட ஆலிசன், ஹோன்ஜோ இருவருக்கும் 2018இல் நோபல். உள்ளங்கால் வகைக்கு அவை சற்றுக் குறைவாகவே கேட்கின்றன. விலையோ லட்சங்களில்.

*

"நெசமா வலிக்கலையா பெரியம்மா?"

"இந்தக் கோயில் வட்டப்பாறை சத்தியமா வலிக்கலடா."

ஆரம்பத்தில் அது வலிக்காது என்பதுதான் தொல்லை. பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துப் படம் எடுத்துக்கொண்டேன். திங்கட்கிழமை தோல் டாக்டரிடம். பஸ்ஸுக்கு ஒத்துக்கொண்டிருக்கிறார், எருக்கம்பாலை விடுவதற்குத்தான் இன்னும் இல்லை.