ஒரு டிரம் நல்ல தண்ணீர்

குளிர்நாடுகளில் பனிக்காலத்துக்கு முன் படகு எஞ்சினுள் தங்கிய நீரை வடித்துவிடுவார்கள். நீர் உறைந்தால் ஏறத்தாழ 9 விழுக்காடு விரிந்து உலோகத்தைப் பிளந்துவிடும். பொம்மையார்பாளையத்தில் உறைபனி ஏது? இங்கே அந்த வேலையை உப்பு செய்கிறது.

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. மரக்காணம் உப்பளங்களில் அதைப் பாத்தி கட்டி விளைவிக்கிறார்கள். கரையில் கிடக்கும் அவுட்போர்டு எஞ்சினின் நீர்வழிகளிலோ கேட்பாரின்றி விளைகிறது.

"ஓடும்போது பயமில்ல சார், சும்மா கெடக்கும்போதுதான் உப்பு வேலையக் காட்டும்" என்றார் என் மாணவன் ஒருவனின் தந்தை. ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்ததும் எஞ்சினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவருவார். டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி, அடிப்பகுதியை அமிழ்த்திச் சிறிது நேரம் ஓடவிடுவார். பிறகு நிமிர்த்தி நிறுத்தி, சொட்டு மிஞ்சாமல் வடியவிடுவார். எஞ்சினில் ஒரு துத்தநாகத் துண்டு உண்டு. அலுமினியத்துக்கு முந்தித் தான் அரிபட்டு அதைக் காப்பது. அழகுக்காக அதன்மேல் வண்ணம் பூசிவிட்டால் பயனில்லை. உமணர் வண்டியில் சேம அச்சு கட்டிச் சென்றதைப் புறநானூற்றில் நடத்துகிறவன் நான். இத்துண்டும் அம்முன்யோசனையின் இனமே.

சிக்கல் தண்ணீரில்தான். எஞ்சினுக்கு ஒரு டிரம் என்றால் வீட்டில் அத்தனை குடம் குறையும். வாங்கிய கடனோ எஞ்சின்மேல் இருக்கிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, மயிலத்தில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அவர் மனைவி கூரையோரம் முதலில் வைத்தது சமையல் அண்டாவை. டிரம் அதற்குப் பிறகுதான்.