டேங்குக்கு மேலே ஒரு சீட்

பழைய ஜீப்பில் சீட் மாற்றப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது ரெக்சினின் நிறத்தையல்ல, பெட்ரோல் டேங்க் எங்கே இருக்கிறது என்பதை. மஹிந்திராவின் சிஜே 3பி ஜீப்பில் அது ஓட்டுபவரின் சீட்டுக்கு நேர் கீழே இருக்கிறது. செஞ்சியில் ஒரு வீட்டு வாசலில் நடந்த வேலையைக் கூடவே இருந்து பார்த்த பிறகு, அந்த வேலையில் பாதி டேங்கைப் பற்றியதுதான் என்று புரிந்தது.

திருவண்ணாமலை சாலையிலிருந்து கிருஷ்ணகிரி மலைப் பக்கம் பிரியும் மண் பாதையில் அந்த வீடு. மல்லாட்டை (நிலக்கடலை) போடும் குடும்பம். கொல்லைக்கு மூட்டை ஏற்றிப் போகவும், அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போகவும் இந்த ஜீப்தான். ஸ்டீயரிங் இடது பக்கம். பின்கதவில் ‘லெஃப்ட் ஹேண்ட் டிரைவ்’ என்று எழுதிய பெயிண்ட் பாதி அழிந்திருக்கிறது. அமெரிக்காவின் வில்லிஸ் கம்பெனி 1953-இல் கொண்டுவந்த மாடல் இது. அங்கே 1968-இல் நின்றுபோனது. இங்கே மஹிந்திரா அதற்குப் பிறகும் வெகுகாலம் செய்தது. அதனால்தான் நம் ஊர்களில் இன்னும் ஓடுகிறது.

வீட்டு இளைஞர் சென்னை புதுப்பேட்டையிலிருந்து இரண்டு கார் சீட்டுகளை வாங்கி வந்திருந்தார். சாய்மானம், தலைக்கட்டை எல்லாம் உண்டு. குஷன் கடைப் பெரியவர் அவற்றைக் கையால் தடவிப் பார்த்தார், நல்ல சரக்கு என்றார், வண்டிக்குள் தூக்கி வைத்தார். “உக்காருப்பா.” இளைஞர் உட்கார்ந்ததும் முழங்கால் ஸ்டீயரிங்கில் முட்டியது, தலை ஹூட் கம்பியைத் தொட்டது. கார் சீட்டின் தண்டவாளத்துக்குச் சமமான தரை வேண்டும். இங்கே தரையே டேங்க் மேடு. அதன் குறுக்கே ஆங்கிள் வைத்து வெல்டு அடித்தால்தான் நிற்கும்.

“டேங்கைக் காலி பண்ணிட்டா அடிக்கலாமில்லண்ணா?”

“காலி டேங்க்தான் தம்பி பயம். ரொம்பி இருந்தா எரியும். காலியா இருந்தா வெடிக்கும்.”

அவர் சொன்னது சரி. பெட்ரோல் தீர்ந்தாலும் ஆவி தீராது. உள்ளே காற்றோடு கலந்து பொறிக்காகக் காத்திருக்கும். சட்டமும் அவர் பக்கம்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரித்தவர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. ஆனால் பெரியவர் வேண்டாம் என்றது சட்டத்தை நினைத்து அல்ல. பழைய சீட்டின் சட்டகம் (அவர்கள் ‘ஃபிரேம்’ என்கிறார்கள்) நன்றாக இருக்கும்போது அதைத் தூக்கி எறிய அவருக்கு மனம் வரவில்லை.

எனக்கு அவர் முடிவுதான் சரியென்று பட்டது. இந்த வண்டியில் எங்கே உட்கார்ந்தால் கால் கிளட்சுக்கும் கண் சாலைக்கும் சரியாகப் போகும் என்று ஏற்கெனவே அளந்து வைத்திருப்பது அந்த ஃபிரேம்தான்.

போல்ட்டுகள் எல்லாம் இஞ்ச் அளவு. முந்தின இரவே டீசல் ஊற்றி ஊறவிட்டிருந்தார்கள். அரை இஞ்ச் ரிங் ஸ்பேனருக்கு மூன்று மசிந்தன. மசியாத ஒன்றின் தலையை ஆக்ஸா பிளேடால் பொறுமையாக அறுத்தார். கிரைண்டரை எடுத்த பையனை ஒரே பார்வையில் நிறுத்திவிட்டார். பிறகு பேட்டரி ஒயரைக் கழற்றி, டேங்கையும் இறக்கி, மூடி இறுக்கி, தெருக்கோடி வேப்பமரத்தடிக்கு அனுப்பினார். விரிசல் விட்ட பின்கால் ஃபிரேமோடு வெல்டிங் பட்டறைக்குப் போய், உள்ளே ஒரு குழாய்த் துண்டு செருகி ஒட்டப்பட்டு, ரெட் ஆக்சைடு பூசிக்கொண்டு திரும்பியது. தரைத் தகடு துருவில் மெலிந்திருந்ததால் ஒவ்வொரு ஓட்டைக்கும் அடியில் கனமான பட்டைத் தகடு வைத்தார். வெறும் வாஷர் போட்டால், பள்ளத்தில் விழும்போது போல்ட் தகட்டைப் பிய்த்துக்கொண்டு மேலே வந்துவிடுமாம்.

பழைய மெத்தையைப் பிரித்தபோது சாக்கும் தேங்காய் நாரும் தூளாகக் கொட்டின. இந்த ஜீப்பின் நான்கு சக்கரத்துக்கும் கமான் பட்டைதான். குலுக்கலில் பெரும்பங்கு முதுகுக்கே வந்து சேரும். பஞ்சுபோல் அமுங்கும் ஃபோம் கடையில் உட்கார்ந்து பார்க்கச் சுகமாக இருக்கும், வண்டியில் அது முழுக்க அமுங்கி இடுப்பெலும்பு கம்பியில் இடிக்கும். கடைக்காரர்கள் 32, 40 என்று சொல்லும் டென்சிட்டி, ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை கிலோவில். பெரியவர் எண்ணை நம்பவில்லை. கட்டைவிரலால் அழுத்திவிட்டு, அது எழும்பி வரும் வேகத்தைப் பார்த்தார். அடியில் கெட்டியான ரீபாண்ட் ஃபோம். அதன் மேலே, புதுப்பேட்டை சீட்டுக்குள் இருந்த வார்ப்பு ஃபோமையே எடுத்து, பக்க மேடுகளை நீளக் கத்தியால் சீவி ஒட்டினார். இளைஞரின் முகம் அப்போதுதான் தெளிந்தது.

உறையில் தையலை அகலமாக ஓட்டினார். நெருக்கமாகப் போட்டால் ரெக்சின் தபால்தலை ஓரம்போல அந்த வரிசையிலேயே கிழியும். திறந்த வண்டி மழையில் நனையும் என்பதால், அடிப்பக்கம் தண்ணீர் வடியச் சிறு கண்கள் வைத்தார். சீட் பெல்ட் கேட்டதற்கு, தரைத் தகட்டில் மாட்டித் தர மாட்டேன், சேசிஸோடு பிடிக்க மெக்கானிக்கைக் கேள் என்றார். அதில் அவர் இம்மியும் இறங்கி வரவில்லை.

டேங்க் திரும்ப வந்து, குழாய் மூட்டுகளில் கசிவில்லை என்று மோந்தும் தடவியும் பார்த்த பிறகே சீட் ஏறியது. நான்கு போல்ட்டையும் முதலில் விரலால் மட்டும் திருகி, பிறகு எதிரெதிராக முடுக்கினார். ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டால் மற்றவற்றின் ஓட்டை விலகி நிற்கும். கொல்லை வரைக்கும் ஓட்டிவிட்டு வரச் சொன்னார். வந்ததும் ஸ்பேனர் வைத்தபோது ஒரு போல்ட் கால் சுற்று ஏறியது. “புதுத் தகடு, புது வாஷர். உக்காரத்தான் செய்யும். நூறு கிலோமீட்டர் ஓடுனதும் இன்னொரு தபா முடுக்கிடு.”

பில்லில் ரெக்சின், ஃபோம், தையல் கூலி மட்டும் இருந்தது. டேங்கை இறக்கியதற்கும், வண்டிக்கடியில் மல்லாந்து படுத்துத் தகடு பிடித்ததற்கும் ஒரு வரிகூட இல்லை. வாடிக்கையாளர் கண்ணில் படுவது தையல்தான், அதற்குத்தான் காசு கேட்க முடியும் என்றார். கூரியரில் வரும் ரெடிமேட் உறையின் விலையோடு இவர் கூலியை ஒப்பிடுகிறவர்களை அந்தக் கடையிலேயே பார்த்தேன். அந்த உறை ஒரு போல்ட்டையும் முடுக்காது. பின்பக்க பெஞ்சுகள் மல்லாட்டை விற்றதும் கடைக்கு வரும். அந்த வேலையின் பில்லில் அடிவேலைக்குத் தனியாக ஒரு தொகை போட வேண்டும் என்று அவரிடமும் இளைஞரிடமும் சொல்லிவிட்டு வந்தேன். இளைஞர் சரி என்றார்.