என் காரில் ஒரு 420

420 என்றால் நமக்குத் தெரியும். மோசடிப் பேர்வழி. அந்தப் பிரிவு இருந்த இந்தியத் தண்டனைச் சட்டமே 2024 ஜூலையில் ஓய்வு பெற்று, மோசடி இப்போது வேறு சட்டத்தில் 318-க்குக் குடிபோய்விட்டது. ஆனாலும் "அவன் ஒரு 318" என்று யாராவது திட்டுகிறார்களா? 420 தான்.

காருக்கும் ஒரு 420 உண்டு. டாஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட ஆரஞ்சு விளக்கு எரியும். மெக்கானிக் மெஷினைச் செருகினால் 'பி-0420' என்று வரும். 'கேட்டலிடிக் கன்வர்ட்டரின் திறன் போதவில்லை' என்று அர்த்தம். குற்றப்பத்திரிகை அவ்வளவுதான். குற்றவாளி யார் என்று அதில் இருக்காது.

எங்கள் வண்டிக்குப் பதினொரு வயசு. ஸ்ரீரங்கத்திலிருந்து தில்லைநகர், அவ்வப்போது காந்தி மார்க்கெட். காவிரிப் பாலத்தைத் தாண்டுவதுதான் அதற்கு உலகச் சுற்றுப்பயணம். அதற்குப் போய் இந்த நம்பர்!

முதலில் போன ஒர்க்ஷாப்பில் ஏ.சி. ரூம், காபி எல்லாம் உண்டு. டை கட்டிய பையன் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "கன்வர்ட்டர் போயிடுச்சு ஸார், மாத்தணும். 48 ஆயிரம் ஆகும்" என்றான். காபி தொண்டையிலேயே நின்றது.

சைலன்ஸர் குழாயின் வழியில் இருக்கும் ஒரு தகர உருளைக்கு ஏன் இந்த விலை? உள்ளே தேன்கூடு மாதிரி ஒரு பீங்கான். அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. இன்ஜின் கக்கும் கார்பன் மோனாக்ஸைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்ஸைடு மூன்றையும் பிடித்து, கார்பன் டை ஆக்ஸைடு, நீராவி, நைட்ரஜன் என்று ஆக்கி வெளியே அனுப்பும். தான் மட்டும் மாறாது. ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் வரன் பார்த்துவிட்டுத் தான் பிரம்மச்சாரியாகவே இருக்கும் கல்யாணத் தரகர் மாதிரி.

யூஜின் ஹூட்ரி என்ற பிரெஞ்சு இன்ஜினீயர் 1950-களிலேயே அமெரிக்காவில் இதற்கு வழி கண்டார். பெட்ரோலில் கலந்த ஈயம் அதை விஷம் வைத்தாற்போல் கெடுத்துவிட்டது. (ரசம் வைக்கிற ஈயச்சொம்பு வேறே. அது வெள்ளீயம், இது காரீயம்.) நம் நாட்டில் 1995 ஏப்ரல் 1 முதல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புது பெட்ரோல் கார்களுக்கு கன்வர்ட்டர் கட்டாயமானது. நாடு முழுக்க பெட்ரோலிலிருந்து ஈயம் ஒழிய 2000 பிப்ரவரி ஆயிற்று.

அடுத்து, நண்பர் சிபாரிசு செய்த ஒருவர். "எதுக்கு ஸார் 48 ஆயிரம்? உள்ளே இருக்கறதை இடிச்சுத் தள்ளிட்டு வெறும் குழாய் ஆக்கிடலாம். விளக்கு எரியாம இருக்க சென்ஸாருக்கும் ஒரு வழி பண்ணிடறேன். பழசை நானே விலைக்கு எடுத்துக்கறேன்" என்றார்.

பணம் போக வேண்டிய இடத்தில் பணம் வருகிறது! சபலம் தட்டத்தான் செய்தது. ஆனால் உத்தர வீதியில் எங்கள் வீடு. சாயங்காலம் வந்து ரிவர்ஸில் வண்டியை உள்ளே நுழைக்க ஐந்து நிமிஷம் ஆகும். அந்த ஐந்து நிமிஷமும் புகைக்குழாய் பார்ப்பது எதிராத்துத் திண்ணையை. அங்கே எண்பத்துநாலு வயசுப் பாட்டி துளசி தொடுத்துக்கொண்டிருப்பாள். கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. பாட்டிக்கு என்னிடம் சண்டைக்கு வரக்கூடத் தெரியாது. வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

மூன்றாவதாகப் பாலக்கரை பாய். அவர் பானெட்டைத் திறக்கவில்லை. "ஆயில் குறையுதா? ஸ்டார்ட் ஆனதும் உதறுதா?" என்று கேள்வியாகக் கேட்டார். இரண்டும் இல்லை.

"கன்வர்ட்டர் தானா சாகறது கம்மி ஸார். இன்ஜின் ஆயிலைக் குடிச்சா அந்தக் கசடு மேலே படியும். பிளக் சரியா அடிக்கலேன்னா பச்சைப் பெட்ரோல் உள்ளே போய் எரிஞ்சு தேன்கூடு உருகும். கொன்னவனை வெளியே விட்டுட்டுப் புதுசு மாட்டினா, புதுசையும் கொல்லுவான்."

பொடி டப்பா அளவில் ஒரு கருவியை ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகினார். செல்போனில் இரண்டு கோடுகள் ஓடின. கன்வர்ட்டருக்கு முன்னால் ஒரு ஆக்ஸிஜன் சென்ஸார், பின்னால் ஒன்று. முன்னால் இருப்பது 0.1 வோல்ட்டுக்கும் 0.9-க்கும் ஓயாமல் ஏறி இறங்க வேண்டும். பின்னால் இருப்பது 0.6, 0.7 என்று அசையாமல் கிடக்க வேண்டும். ஸ்ரீரங்கத்துக்காரனுக்கு இதைப் புரிந்துகொள்ள என்ன கஷ்டம்? முன்னால் உற்சவர், பின்னால் மூலவர். நம்பெருமாள் வீதி வீதியாகப் போவார். பெரிய பெருமாள் பள்ளிகொண்டிருப்பார்.

எங்கள் மூலவர் கொஞ்ச நேரம் படுத்திருந்தார். திடீரென்று கீழே விழுந்தார். மறுபடி படுத்தார்.

"கன்வர்ட்டர் செத்திருந்தா பின்னாடி உள்ளதும் முன்னாடி மாதிரியே ஆடும். இது வேற ஆட்டம். வண்டியை விட்டுட்டுப் போங்க, காலைல இன்ஜின் ஜில்லுனு இருக்கறப்போ பார்க்கணும். சூடானா இரும்பு விரிஞ்சு ஓட்டையை மூடிக்கும்."

மறுநாள் ஸ்டார்ட் செய்து, பையன் புகைக்குழாயை ஈரத்துணியால் அரைகுறையாக அடைத்தான். பாய் அடியில் படுத்து மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவினார். கன்வர்ட்டருக்கும் பின் சென்ஸாருக்கும் நடுவே இருந்த மூட்டில் குபுகுபுவென்று நுரை! பக்கத்தில் மை தீட்டினாற்போல் கரிக்கோடு. கேஸ்கெட் தீய்ந்து, ஒரு போல்ட் துருவில் இற்றுப்போயிருந்தது. புகை துடித்துத் துடித்துத்தான் வரும். இரண்டு துடிப்புக்கு நடுவே வெளிக்காற்று அந்த ஓட்டை வழியே உள்ளே போகிறது. சென்ஸார் அந்தக் காற்றின் ஆக்ஸிஜனைப் பார்த்துவிட்டு, கன்வர்ட்டர் வேலை செய்யவில்லை என்று கோள் சொல்லியிருக்கிறது.

கேஸ்கெட், போல்ட், கூலி எல்லாம் சேர்த்து 850 ரூபாய். உருளையை ரப்பர் சுத்தியால் தட்டியும் பார்த்தார். உள்ளே கடகடவென்றால் தேன்கூடு உடைந்திருக்கிறது, மாற்றத்தான் வேண்டுமாம். சத்தமில்லை.

"நம்பரை அழிச்சாச்சு. விளக்கு அணைஞ்சதும் குணமாயிடுச்சுன்னு நினைக்காதீங்க. வண்டியே தன்னைச் சோதிச்சுப் பார்க்கணும். இன்ஜின் நல்லா சூடாகி ஒரே வேகத்துல ஓடினாத்தான் அந்தச் சோதனை நடக்கும். உங்க தில்லைநகர் ஓட்டத்துல நடக்காது."

ஞாயிற்றுக்கிழமை சென்னை ரோட்டில் பாடாலூர் வரை போய்த் திரும்பினோம். "ஏன்னா, இவ்வளவு தூரம் வந்துட்டு சமயபுரத்துல இறங்காமப் போறதா?" என்றாள் மனைவி. இறங்கினோம். திங்கள்கிழமை பாயின் செல்போனில் 'சோதனை முடிந்தது' என்று வந்தது. நம்பர் எதுவும் இல்லை. பெரிய பெருமாள் சயனத்தில் இருந்தார்.

அன்று ராத்திரி அந்த இரண்டாமவர் போன் செய்தார்.

"ஸார், அந்தப் பழசை எப்போ வந்து எடுத்துக்கட்டும்?"

"அது இன்னும் ரிட்டயர் ஆகலை ஸார்" என்றேன்.