ஐப்பசிக் காய்ச்சல்: பொழிச்சலூர்க் குறிப்புகள்

திங்கள்
சென்னை விமான நிலையத்தை ஒட்டிய பொழிச்சலூரில் ராத்திரி முழுக்க மழை. விடிந்ததும் மெடிக்கல் ஷாப் வாசலில் குடைகள். "அண்ணே, பையனுக்குக் காய்ச்சல், இருமல். போன தடவ குடுத்தீங்களே, அந்த மூணு நாள் மாத்திரையே குடுங்க" என்கிறார் ஒரு தாய். அவர் கேட்பது அசித்ரோமைசின். பாக்டீரியாவைத் தாக்கும் அந்த மருந்து ஃப்ளூ வைரஸை ஒன்றும் செய்யாது. 2023 மார்ச்சில் எச்3என்2 வகை ஃப்ளூ பரவி, தமிழக அரசு ஒரே நாளில் 1,000 காய்ச்சல் முகாம்கள் நடத்தியபோது, இந்திய மருத்துவச் சங்கம் எச்சரித்ததும் இதைத்தான்: டாக்டர் சொல்லாமல் ஆன்டிபயாடிக் வேண்டாம்.

செவ்வாய்
சாதாரணச் சளி மெல்ல மெல்ல வரும். ஃப்ளூ அப்படியல்ல, மத்தியானம் கலகலப்பாக இருந்தவரைச் சாயங்காலம் படுக்கையில் தள்ளிவிடும். குளிர் நடுக்கம், அடித்துப் போட்டது போன்ற உடம்புவலி, வறட்டு இருமல். வயதானவர்களுக்குக் காய்ச்சல் அதிகம் தெரியாமல் சோர்வும் தடுமாற்றமும் மட்டுமே தெரியலாம். இதே மழையில் டெங்குவும் வரும் என்பதால், இன்ன காய்ச்சல் என்று தெரியும்வரை பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின், புரூஃபென் கூடாது.

புதன்
பம்மல், திரிசூலம் பக்கத்துக் கல்குவாரிகளில் உழைத்தவர்கள் இந்த வட்டாரத்தில் இன்னும் இருக்கிறார்கள். தூசி தின்ற நுரையீரல் அவர்களுக்கு. ஆஸ்துமா, சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) உள்ளவர்களைப் போலவே இவர்களுக்கும் ஃப்ளூ வந்தால் நிமோனியா வரை போகக்கூடும்.

இவர்கள் 'மூணு நாள் பார்ப்போம்' என்று காத்திருக்கவே கூடாது. ஃப்ளூ வைரஸுக்கான ஓசெல்டாமிவிர் மருந்தை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாகக் கேட்கும். கஷாயம் குடிக்கலாம், ஆவியும் பிடிக்கலாம். ஆனால் அதற்காக இன்ஹேலரை நிறுத்துவது ஆபத்து. நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, தணிந்த காய்ச்சல் மறுபடி ஏறிச் சளி மஞ்சளானாலோ உடனே ஆஸ்பத்திரி. டாக்டர் சவுரிமுத்து 1928-இல் காசநோய்க்காகத் தொடங்கிய தாம்பரம் சானடோரியம், இன்று அரசு நெஞ்சக மருத்துவமனையாகப் பக்கத்திலேயே இருக்கிறது.

வியாழன்
விமானங்கள் தலைக்கு மேல் தாழ்ந்து இறங்குகின்றன. இன்று தொற்று விமானத்தில் வரலாம்; அன்று வந்தது கப்பலில். 1957-இல் ஆசிய ஃப்ளூ இந்தியாவுக்குள் நுழைந்தது சென்னைத் துறைமுகம் வழியாக. மே மாதம் சிங்கப்பூர்ப் பக்கமிருந்து வந்த ரஜுலா கப்பலில் நூற்றுக்கணக்கானவர்களுக்குக் காய்ச்சல். அடுத்த பிப்ரவரிக்குள் நாட்டில் பதிவான நோயாளிகள் 44 லட்சத்துக்கும் மேல். குன்னூர் பாஸ்டர் நிறுவனம் அந்த வைரஸை ஆராய்ந்தது.

வெள்ளி
நெஞ்சக மருத்துவரின் கிளினிக். முன்பு கல் உடைத்த பெரியவர் ஒருவர், மகள் துணையோடு வந்திருக்கிறார். வருஷா வருஷம் ஃப்ளூ தடுப்பூசி எதற்கு என்பது அவர் கேள்வி. வைரஸ் உருமாறிக்கொண்டே இருக்கிறது, ஊசியையும் அதற்கேற்ப மாற்றுகிறார்கள் என்று டாக்டர் விளக்குகிறார். கை வலிக்கும், ஒருநாள் லேசாகச் சுடலாம். ஊசியால் ஃப்ளூ வராது. பலன் கிடைக்க இரண்டு வாரம் ஆகும் என்பதால் மழைக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். பெரியவர்களுக்கு இது தேசிய இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இல்லை என்பது பெருங்குறை. மூச்சுத் திணறுபவர்களுக்காவது அரசு இதைத் தர வேண்டும்.

"மழதான் ஆரம்பிச்சிடுச்சே, இனிமே போட்டுப் பிரயோஜனம் உண்டா சார்?"

"மார்கழி வரைக்கும் மழையும் இருக்கு, காய்ச்சலும் இருக்குப்பா. இன்னைக்கே போட்டுக்கோங்க. வீட்ல யாராவது இருமினா மாஸ்க் போடச் சொல்லுங்க."

மகள் பெரியவரின் சட்டைக் கையை மடித்துவிடுகிறாள்.