பொருந்துவது வேறு, தாங்குவது வேறு

அமெரிக்காவில் காருக்கோ பிக்அப் வண்டிக்கோ பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் சிறு ட்ரெய்லரை, பெரும்பாலும் வைத்திருப்பவரே பழுது பார்த்துக்கொள்கிறார். புல்வெட்டும் இயந்திரம், விறகு, பழைய சோபா, வீடு மாறும்போது மூட்டை முடிச்சு என எதையும் அது சுமக்கும். ஆண்டில் சில நாள் ஓடும்; மீதி நாளெல்லாம் வெயிலிலும் பனியிலும் கொல்லைப்புறத்தில் நிற்கும். அதனால் அதன் பாகங்கள் ஓடித் தேய்வதைவிட நின்றே கெடுகின்றன. கெட்டது தெரியவருவதும் பயணத்துக்கு முந்தின நாள் மாலையில்தான். கடைக்கு ஓடினால், தட்டில் இருப்பவை எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவைபோலத் தோன்றும். சரியானதை எடுக்கக் கண்ணளவு போதாது. கையில் எண்கள் இருக்க வேண்டும்.

முதல் எண் வண்டியிலேயே இருக்கிறது. சட்டத்தின் முன்பகுதியில், இடப்பக்கம் ஒரு தகடு ஒட்டியிருக்கும். வண்டியின் சொந்த எடையும் சரக்கும் சேர்ந்த உச்ச வரம்பு, ஆக்சில் தாங்கும் எடை, டயர் அளவு, காற்றழுத்தம் எல்லாம் அதில் இருக்கும். ஒற்றை ஆக்சில் வண்டிகளில் பரவலாகக் காணப்படுவது 3,500 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 1,590 கிலோ தாங்கும் ஆக்சில். ஏதோ ஒரு பாகத்தை மட்டும் பலமானதாக மாற்றிவிட்டால் இந்த வரம்பு கூடிவிடாது. ஹிட்ச், கப்ளர், ஆக்சில், ஸ்பிரிங், டயர் ஆகியவற்றில் எது குறைவாகத் தாங்குகிறதோ, அதுதான் வண்டியின் பலம்.

ஏமாற்றுவதில், ட்ரெய்லரைக் காரோடு பூட்டும் கப்ளருக்கு முதலிடம். அது உட்காரும் ஹிட்ச் பந்து பொதுவாக மூன்று அளவில் வருகிறது: 1 7/8 அங்குலம், 2 அங்குலம், 2 5/16 அங்குலம். எந்தப் பந்துக்கு உரியது, எவ்வளவு எடை தாங்கும் என்பது கப்ளரின் மேலேயே பொறித்திருக்கும். 2 அங்குலக் கப்ளர் 1 7/8 அங்குலப் பந்தின்மேலும் உட்காரும், தாழும் விழும். இடைவெளி 3 மில்லிமீட்டர்தான். வீட்டு வாசலில் ஒன்றும் தெரியாது. சாலையில் மேடு பள்ளம் வந்து வண்டி தூக்கிப்போடும்போது கழன்றுவிடும். பூட்டிய பிறகு முன்பக்க ஜாக்கைச் சற்று உயர்த்திப் பார்ப்பது நல்ல சோதனை: காரின் பின்புறமும் கூடவே எழ வேண்டும். கப்ளர் மட்டும் எழுந்தால் பூட்டு சரியில்லை. அப்படிக் கழன்றாலும் வண்டி தனியே ஓடிவிடாமல் பிடிக்கத்தான் இரண்டு செயின்கள். அவற்றின் பலம் வண்டியின் மொத்த எடைக்குக் குறையக்கூடாது. கப்ளருக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாக மாட்டினால், விழும் முனை தரையில் குத்தாமல் செயின் தொட்டிலில் தங்கும்.

சக்கரத்துக்குள் மறைந்திருப்பது பேரிங். கூம்பு வடிவ உருளை பேரிங்குக்கு ஹென்றி டிம்கன் காப்புரிமை பெற்றது 1898-இல். இன்றும் சிறு ட்ரெய்லர்களில் சுழல்வது அதே வகைதான். ஹப்பைக் கழற்றி, உள்ளிருப்பதை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தால் விளிம்பில் எண் தெரியும். 3,500 பவுண்டு ஆக்சிலில் பெரும்பாலும் உள்பக்கம் எல் 68149, வெளிப்பக்கம் எல் 44649. இந்த எண் பொதுவானது என்பதால் எந்த நிறுவனத்தின் பேரிங்கும் அதே அளவில்தான் இருக்கும். ஆனால் பழைய பேரிங்கில் உள்ள எண்ணைப் படிக்காமல் ஊகித்து வாங்கக்கூடாது. உருளைகளில் குழியோ, சூட்டால் ஏறிய நீலநிறமோ தெரிந்தால், அது ஓடிய வளையத்தையும் ஹப்பிலிருந்து தட்டி எடுத்து, இரண்டையும் ஜோடியாக மாற்ற வேண்டும். பழைய வளையத்தில் புதுப் பேரிங் ஓடினால் அதுவும் சீக்கிரம் குழி விழும். கிரீஸ் சீலையும் கூடவே புதிதாகப் போடுவதே வழக்கம்.

டயரில் பார்க்க வேண்டியது முன்னெழுத்து. எஸ்டி என்று தொடங்கினால் அது ட்ரெய்லருக்கென்றே செய்தது. அதன் பக்கச்சுவர் கார் டயருடையதைவிட விறைப்பானது. எஸ்டி 205/75ஆர்15 அளவில் ‘சி’ வகை டயர் 50 பிஎஸ்ஐ காற்றில் 1,820 பவுண்டு தாங்கும். இரண்டு டயரும் சேர்த்து 3,640. ஆக 3,500 பவுண்டு ஆக்சிலுக்கு மீந்து நிற்பது 140 பவுண்டுதான். காற்று குறைந்தால் அதுவும் போய்விடும். பக்கச்சுவரில் உள்ள குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் டயர் பிறந்த வாரமும் ஆண்டும்: 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரம். பட்டன் தேயாமல் புதிதுபோல் இருந்தாலும் பக்கவாட்டில் வெடிப்பு விட்டிருந்தால் அந்த டயருக்கு வயதாகிவிட்டது. சக்கரம் மாற்றினால் நட்டுகளை முதல் 10, 25, 50 மைல்களில் மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும்.

ஸ்பிரிங் பட்டைக்கு அகலம், பட்டைகளின் எண்ணிக்கை, கண்ணுக்குக் கண் உள்ள நீளம் ஆகிய மூன்றும் ஒத்துவர வேண்டும். கழற்றிய யூ போல்டை மறுபடி பூட்டக்கூடாது. இறுக்கத்தில் ஒருமுறை நீண்ட போல்ட் முன்போலப் பிடிக்காது. விளக்கு எரியவில்லை என்றால் பல்பு வாங்குவதற்கு முன் வெள்ளை ஒயரைப் பார்க்க வேண்டும். அது எர்த். சட்டத்தோடு சேரும் இடத்தில் துருவைச் சுரண்டினாலே பாதி விளக்குகள் எரிந்துவிடும்.

சரக்குக்குப் பதில் ஒரு காரையே இழுத்துச் செல்ல உதவும் டோ டாலிக்கும் இதே கவனம் வேண்டும். அது இரண்டு சக்கரமுள்ள வண்டி. காரின் முன்சக்கரங்கள் அதன்மேல் ஏறி நிற்கும்; பின்சக்கரங்கள் சாலையில் உருளும். எனவே அது முன்சக்கரத்தால் ஓடும் கார்களுக்கே இயல்பாகப் பொருந்தும். காரைப் பிடித்திருப்பது ஒவ்வொரு டயரையும் சுற்றும் பட்டைதான். டயர் அளவுக்கேற்ற பட்டையை வாங்க வேண்டும். அதன் சீட்டில் அச்சிட்ட வேலைச்சுமை வரம்பைப் பார்க்க வேண்டும். அறுந்துபோகும் எடை என்று போட்டிருக்கும் பெரிய எண்ணை நம்பக்கூடாது. வேலைச்சுமை அதில் மூன்றில் ஒரு பங்கே. ஓரம் பிய்ந்த பட்டையைத் தைத்துப் பயன்படுத்துவது காரைச் சாலையில் விடுவதற்குச் சமம். கொஞ்ச தூரம் போனதும் பட்டை தளரும். நிறுத்தி மறுபடி இறுக்கத்தான் வேண்டும்.

எந்தப் பாகத்தை மாற்றினாலும் அதன் எண்ணையும் தேதியையும் ஒரு சீட்டில் எழுதி, பதிவுச் சான்றோடு வைத்துவிடுவது நல்லது. அடுத்த முறை பேரிங் போவது இருட்டில், வழியோரத்தில் என்றாலும், ஹப்பைக் கழற்றாமலே கடைக்காரரிடம் கேட்டு வாங்கலாம்.